பூட்டு கண்டனூரில், சாவி ரங்கூனில்: நாங்கள் செய்த ஒரு சொலவடை ஊருக்குள் போன விதம்

"பூட்டு கண்டனூரில், சாவி ரங்கூனில்." செட்டிநாட்டில் இப்படி ஒரு பழைய சொலவடை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது. போன வருஷம் மே மாதம், கோட்டையூரில் எங்கள் வீட்டு வளவில், இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் துண்டுச் சீட்டில் எழுதியது அது. அதற்கு ஒரு கற்பனை வரலாற்றை இன்னொரு மாணவர் நாற்பது நிமிடத்தில் எழுதினார். நாலாவது மாதம் ஒரு கல்யாணத்தில், மைக்கைப் பிடித்த பெரியவர் ஒருவர் அதே வரியை "நம் முன்னோர் வாக்கு" என்று சொல்லி மணமக்களை வாழ்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த விளையாட்டை ஆரம்பித்தவன் நான். வரலாறு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனும் நான்தான். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன்.

சீட்டும் விலக்கும்

தமிழில் பெயர் மட்டும் மிஞ்சிய நூல்கள் உண்டு. முதற்சங்கத்தார் பாடியவை முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று இறையனார் அகப்பொருள் உரை அடுக்குகிறது. அவற்றில் ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர்களைப் படித்த நாளிலிருந்து, களரியாவிரைக்குள் என்ன இருந்திருக்கும் என்ற நினைப்பு என்னை விட்டதில்லை. எங்கள் ஊரும் ஒரு காரணம். ரோஜா முத்தையா லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் சேர்த்து வைத்திருந்தது கோட்டையூரில்தான். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இலிருந்து அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. இருக்கிற தலைப்புகளை ஆராய அங்கே ஆட்கள் போகிறார்கள். இல்லாத தலைப்புகளுக்கு யார் இருக்கிறார்கள்? அங்கிருந்துதான் விளையாட்டு பிறந்தது.

பன்னிரண்டு பேர், ஆறு சாயங்காலம். பாதிப் பேர் என் மாணவர்கள், மீதி எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும். ஆளுக்கொரு சீட்டில் இல்லாத ஒரு பெயரை எழுதிப் பழைய முறுக்கு டின்னில் போட வேண்டும். நாவலின் தலைப்பு, தெருப்பெயர், கடைப்பலகை, சொலவடை, எதுவாகவும் இருக்கலாம். எழுதுகிறவர் அதற்குக் கதை யோசிக்கக் கூடாது. வேறொருவர் எடுத்து, அந்தப் பெயர் பிறந்த செட்டிநாட்டை உண்டாக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. உண்மை வரலாற்றில் ஓர் இடத்தை மட்டும்தான் மாற்றலாம். அதற்கப்புறம் எல்லாம் காரணகாரியப்படி போக வேண்டும். அந்த ஓர் இடத்துக்கு விலக்கு என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்பும் இடம். "விலக்குல இறங்கிக்கிறேன்" என்போம்.

இது புது வித்தை அல்ல. அலெக்சாந்தர் மேற்கே திரும்பி ரோமின் மேல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார். எடுத்த கதையை விட்டு விலகுகிறேன் என்று வாசகரிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் விலகினார். அந்தச் சின்னப் பணிவின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முதல் மூன்று நாளில் வந்தவற்றில் சிறந்தது ஆத்தங்குடியிலிருந்து வந்த ஒரு பெண் எழுதியது. அவளுக்கு வந்த சீட்டு: "கண்ணாடி வராத ஊர்". அவள் வீட்டில் இரண்டு தலைமுறையாக டைல்ஸ் போடுகிறார்கள். ஆத்தங்குடி டைல்ஸைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூவேலை அச்சுக்குள் கலர்க் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடி கழன்றுவிடும், அதன் வழவழப்பு மட்டும் கல்லில் தங்கிவிடும். அவள் அந்தக் கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டாள். கடல் தாண்டிக் கண்ணாடி வரவே இல்லை. முகப்பில் பெல்ஜியம் கண்ணாடி கிடையாது, தரையில் பளபளப்பும் கிடையாது. அப்புறம் என்ன செய்வார்கள்? சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசுகிற கொத்தனார்கள் தரைக்கு இறங்குகிறார்கள். முட்டை விலை ஏறுகிறது. கோழி வளர்க்கிறவர்கள் வீடு கட்டுகிறார்கள். "தரையில் முகம் தெரியாத வீட்டில் பெண் கொடுப்பதில்லை" என்று பேச்சு வருகிறது. "கண்ணாடி வராத ஊர்" என்பது அந்த உலகத்தில் ஒரு நாவல். அதன் நாயகி தன் முகத்தை முதன்முதலில் முழுசாகப் பார்ப்பது பினாங்கில், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து.

அவள் வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம். தெரிந்த ஒரு பொருளை நம் உலகத்திலிருந்து உருவினால், அது இதுவரை எதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. இந்த எழுத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். அவளால் அதை எழுத முடிந்ததற்குக் காரணம், கல் எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரியும்.

தோற்றதும் ஒன்று உண்டு. "செட்டிநாட்டுச் சக்கரவர்த்தி" என்று ஒரு சீட்டு. எடுத்த பையன், பர்மாவில் வட்டிக்கடை வைத்த செட்டியார்களான நகரத்தாருக்கே, அதாவது நமக்கே, பர்மா முழுவதையும் கொடுத்துவிட்டான். போரும் இல்லை, நஷ்டமும் இல்லை, நெல் மட்டும் விளைந்துகொண்டே இருந்தது. முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அந்த நிலத்துல உழுதவன் எங்க சார் போனான்?" அந்தக் கேள்வியை நான் பாடத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்க வேண்டும். 1930இல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், ஈடு வைத்த நிலம் கைக்கு வந்து, 1937 வாக்கில் அது 25 விழுக்காடு ஆனது. யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலமல்ல என்று நம் வீடுகளில் சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது. இழந்தவன் பர்மியக் குடியானவன் என்பதும் அதே அளவு உண்மை. ஒரு பக்கத்துக்கு மட்டும் விலக்கு போடுகிற கதை வரலாறும் ஆகாது, கதையாகவும் நிற்காது.

அந்த வரி

நாலாம் நாள் "பூட்டு கண்டனூரில், சாவி ரங்கூனில்" வந்தது. எடுத்த மாணவர் நன்றாகப் படிக்கிறவர். அவர் போட்ட விலக்கு 1937. அந்த வருஷம் பிப்ரவரி 10 அன்று சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று இடங்களில் ஒரே நாளில் திறந்தார். சரியாக ஐம்பதாம் நாள், ஏப்ரல் 1 அன்று, பர்மா பிரிட்டிஷ் ஆட்சிக்குள்ளேயே இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. இரண்டும் உண்மை. மாணவர் இரண்டாவதை மட்டும் நிறுத்தினார். பர்மா பிரியவில்லை.

பிரியாத பர்மாவில் அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்கப் போகிற மேலாள் (முதலாளிக்காகக் கடையை நடத்துகிறவர்) மூன்று வருஷக் கணக்குக்குக் கிளம்புமுன், தன் வீட்டுப் பெட்டகத்தைப் பூட்டி, சாவியைக் கூடவே கொண்டுபோய் ரங்கூன் வங்கிக் கிளையில் ஒப்படைக்க வேண்டும். ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்து, கணக்கு நேரான பின்தான் சாவி திரும்பும். அதுவரை ஊரில் ஆச்சி பெட்டகத்தைத் துடைக்கலாம், பொட்டு வைக்கலாம், திறக்க முடியாது. கிட்டங்கியில் (கடைக்காரர்கள் தங்கித் தொழில் பார்க்கும் கட்டடம்) தங்கியிருக்கிற பெட்டியடிப் பையன் (கடையில் தொழில் பழகும் சிறுவன்) ஒருவன் சாவிகளுக்கு எண்ணெய் போடுகிறான். எந்தச் சாவி எந்த ஊர்ப் பெட்டகம் என்பது அவனுக்கு மனப்பாடம். சொத்து கண்முன்னே இருந்தும் கைக்கு எட்டாத நிலையைச் சொல்ல அந்தச் சொலவடை பிறந்தது என்று முடித்தார்.

மேலாள் மூன்று வருஷத் தவணைக்குப் போனது, கிட்டங்கி, பெட்டியடிப் பையன், ஐந்தொகை எல்லாம் நிஜம். வங்கியில் சாவி வைக்கும் வழக்கம் மட்டும் கிடையவே கிடையாது. கேட்டபோது எனக்கே ஒரு நிமிஷம் இருந்திருக்குமோ என்று தோன்றியது. அதைப் பாராட்டு என்று நினைத்து வாய்விட்டுச் சொன்னேன். எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும்.

எப்படி வெளியே போனது

உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் பதிவு செய்திருக்கிறான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாசிப்பு நன்றாக இருக்கிறதே என்று பாதியில் ஆரம்பித்திருக்கிறான். "பர்மா பிரியவில்லை என்று வைத்துக்கொள்வோம்" என்ற வரி அதற்குள் போய்விட்டது. பதிவில் இருந்தது வங்கி திறந்த தேதியும் சாவிக் கதையும் மட்டும். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். யாரோ அதைத் தட்டச்சு செய்தார்கள். அடுத்தவர் தலைப்பு வைத்தார். நாலாவது கை மாறும்போது அது "அறியப்படாத நகரத்தார் வரலாறு" ஆகியிருந்தது.

ஜூலையில் கானாடுகாத்தானில் ஒரு கைடு வெளியூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்ததை என் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். செப்டம்பரில் கல்யாணம். அக்டோபரில்தான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. வேறொரு கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, பர்மா வணிகம் பற்றிய தன் புராஜெக்டைப் பார்த்துத் தரச் சொல்லி வந்தாள். எட்டாம் பக்கத்தில் எங்கள் சொலவடை. எங்கிருந்து எடுத்தாய் என்றேன். போனைக் காட்டினாள். "தேதி சரியா இருக்கான்னு பார்த்தேன் சார், பிப்ரவரி 10 சரியா இருந்துச்சு" என்றாள். அவள் செய்தது முறையான வேலை. சரிபார்க்கக்கூடியதைச் சரிபார்த்திருக்கிறாள். நாங்கள்தான் உண்மையைப் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தோம்.

பன்னிரண்டு பேரில் எட்டுப் பேரை மறுபடி கூப்பிட்டு உட்கார்ந்தோம். ஆறு நாளில் எழுதியவை முப்பதுக்கு மேல். இது மட்டும் ஏன் ஓடியது?

வடிவம் ஒரு காரணம் என்றாள் ஆத்தங்குடிப் பெண். இரண்டு ஊர், இரண்டு பொருள், நடுவில் ஒரு கமா. கேட்டவுடன் பழமொழி மாதிரியே வாயில் உட்காருகிறது. "கண்ணாடி வராத ஊர்" அப்படி உட்காராது, அதற்கு நாவல் வேண்டும். பழமொழி என்று வந்துவிட்டால் யார் சொன்னது என்று கேட்கிற வழக்கமும் நமக்கு இல்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது உண்மையில் "கழு தைக்க" என்று கோரைப்பாயைப் பற்றியது, ஆயிரம் பேரைக் கொன்றவன் என்பது "ஆயிரம் வேரை" என்று எத்தனை வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது! சான்று கேட்டால் யாரும் காட்டுவதில்லை. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்பதே சான்றாகிவிடுகிறது.

விலக்கை நாங்கள் வாசலிலேயே வைத்தது இன்னொன்று. முதல் வரியில் சொல்லிவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். இந்தக் காலத்தில் எதுவும் முதல் வரியிலிருந்து பயணம் போவதில்லை. நடுவில் வெட்டி, கடைசியில் வெட்டி, படமாக்கித்தான் போகிறது. எங்கே வெட்டினாலும் தன்னைக் காட்டிக்கொடுக்காத கற்பனை வெளியில் விடத் தகுந்ததல்ல. இதை இப்போது உறுதியாகச் சொல்கிறேன். அன்று சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது, அந்தக் கதை நமக்கு வேண்டியிருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரமே விழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் மலையும் காடும் கடந்து நடந்தார்கள். விடுதலைக்குப் பின் பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. எங்கள் வீடுகளில் இதை யாரும் வரிசையாக உட்கார்ந்து சொன்னதில்லை. "பர்மாவுல போச்சு" என்ற இரண்டு வார்த்தையோடு முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற காலியிடத்தில் எங்கள் சாவி போய்ப் பொருந்திக்கொண்டது.

மாற்றியது

விளையாட்டை நிறுத்திவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஆறு நாளில் பிள்ளைகள் 1937ஐப் பற்றித் தேடிப் படித்தது, நான் ஒரு வருஷம் வகுப்பில் சொன்னதைவிட அதிகம். ஆனால் முறை மாறியது.

இப்போது வாசித்து முடித்ததும் ஒருவர் அந்தத் தாளின் மேல் வெள்ளைத் தாளை வைத்து மறைத்து, ஐந்தே வரி தெரிகிற மாதிரி நகர்த்துவார். எந்த ஐந்து வரி தெரிந்தாலும் அதில் நம் உலகத்தில் இருக்க முடியாத ஒன்றாவது இருக்க வேண்டும். தலைப்பிலேயே இருந்தால் இன்னும் நல்லது. டிசம்பரில் வந்த ஒரு சீட்டு: "ரங்கூன் பாசஞ்சர் காரைக்குடிக்கு 4.10". கடலும் மலையும் தாண்டி வரும் பாசஞ்சர் வண்டி என்றதும் அது கற்பனை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனாலும் அதற்குள் எழுதிய பையன் கம்பார்ட்மெண்டில் ஒரு பர்மியக் குடியானவனை, கடன் பத்திரத்தைத் திருப்பிக் கேட்க வருகிறவனை, உட்கார வைத்தான். மே மாதம் சக்கரவர்த்தி கதை எழுதியவன் அதே பையன்தான். அவனை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷம்.

சொலவடை மட்டும் இனி டின்னில் போடுவதில்லை. யாராவது போட்டால், நம்மூர் ஆள் வாயில் வர முடியாத ஒரு சொல் அதில் இருக்க வேண்டும். இது கொஞ்சம் கடுமையான விதி, நல்ல வரிகள் சில வீணாகும். பரவாயில்லை.

குடும்பக் குழுவில் நானே பேசிப் பதிவு போட்டேன். சொலவடையை எழுதிய பெண்ணும் கதை எழுதிய மாணவரும் அவரவர் குரலில், எந்த நாள், எந்த வீட்டில் எழுதினோம் என்று சொன்னார்கள். மறுப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. பொய் போன இடமெல்லாம் மறுப்பும் போகும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. புராஜெக்ட் எழுதிய பெண் எட்டாம் பக்கத்தை எடுக்காமல், அதை "ஒரு போலிச் சொலவடை பரவிய விதம்" என்று மாற்றி எழுதிக்கொண்டு வந்தாள்.

தெற்குத் தெரு ஆச்சி

ஒருவர் மட்டும் பாக்கி இருந்தார். தெற்குத் தெருவில் எண்பது தாண்டிய ஓர் ஆச்சி. கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க அப்பத்தா இதைச் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்று அவர் சொன்னதை நானே காதால் கேட்டேன். மே மாதம் பிறந்த வரியை எந்த அப்பத்தாவும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் பொய் சொல்கிற ஆளும் அல்ல அவர். மறுப்புப் போட்ட பிறகும் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டு எழுதிய பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சொன்னோம். இந்த வரி பழசு இல்லை ஆச்சி, இந்தப் பெண் எழுதினது, என் வீட்டில்தான். ஆச்சி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப சாவியும் பொய்யா?" என்றார்.

எந்தச் சாவி என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர் எழுந்து உள்ளே போய், ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். பெரிய இரும்புச் சாவி இரண்டு, சின்னது ஒன்று, ஒரே வளையத்தில். அவருடைய அப்பச்சி (அப்பா) 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது. ரங்கூன் கடையின் இரும்புப் பெட்டிச் சாவி. கூட வந்தவர்களில் இரண்டு பேர் வழியிலேயே போய்விட்டார்களாம். "கடை போச்சு, பெட்டி போச்சு, சாவி மட்டும் வந்துச்சுன்னு அப்பத்தா சொல்லுவாக. அழுகமாட்டாக. சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவாக."

ஆச்சியின் நினைவில் இருந்தது நிஜமான சாவி. எங்கள் வரி அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் கதையில் பூட்டு இங்கே, சாவி அங்கே. நடந்தது அப்படியே தலைகீழ். சாவி இங்கே வந்தது, பூட்டு அங்கே நின்றுவிட்டது.

"சாவி நெசம் ஆச்சி. சொலவடைதான் நான் எழுதினது" என்றாள் அந்தப் பெண். அவள் குரல் கம்மியிருந்தது. ஆச்சி சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நல்ல கனம்.

விளையாட்டு நோட்டில் அந்தச் சீட்டை ஒட்டியிருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. அன்று ராத்திரி அவள் அதில் எழுதினாள். இந்தப் பக்கம் சீட்டுக்குக் கீழே, "செய்தது, மே". அந்தப் பக்கம், "கேட்டது" என்று போட்டு, ஆச்சி சொன்னதை, ஆச்சி சொன்ன பேச்சிலேயே, "அடுப்படிக்குப் போயிருவாக" வரைக்கும்.